ரிவிட் அடித்த பரிசல்

போன வாரம் வாசித்த கதையை இந்த வாரம் ஒருவன் சொல்ல வேண்டும். சொல்லி முடித்த பிறகுதான் மஹாதேவன் புத்தகத்தைத் திறப்பான். பதினொரு வருஷமாக இதுதான் வழக்கம். ஒரு வாரம் சந்தானம் சொல்வான், மறு வாரம் சுந்தரேசன். வாசிக்கிறவனுக்கு முறை கிடையாது. இந்த ஞாயிற்றுக்கிழமை சுந்தரேசனின் முறை. அவனுக்குக் கதை தெரியாது.

கார்டன் ரீச்சிலிருந்து காளிகாட்டுக்கு நடக்கும்போது அதை நினைத்துக்கொண்டேதான் நடந்தான். அவன் மனைவி பாகீரதி இரண்டு அடி பின்னால் வந்தாள். கிதர்பூர் பாலம் தாண்டி அலிப்பூருக்குள் நுழைந்ததும், வெள்ளைக்காரர்களின் மதில் சுவர்களுக்கு நடுவே ரோடு வெறிச்சென்று இருந்தது. அவள் கிட்டே வந்து அவனுடைய வலது காதோரம் கையைக் குவித்துக் கத்தினாள்.

"மீனாக்ஷி மாமிகிட்ட நான் கேட்டு வச்சுக்கிறேன்! நீங்க சந்தைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள!"

"கேட்டு வச்சுக்கிட்டு?"

"உங்ககிட்டச் சொல்றேன்!"

"எப்புடிச் சொல்லுவே?"

அவனிடம் ஒன்றைச் சொல்வதென்றால் இப்படித்தான் கத்த வேண்டும். மஹாதேவனும் அவன் மனைவி மீனாக்ஷியும் இருந்த வீடு ஒரு கூடமும் ஒரு சமையலறையும். அங்கே கத்தினால் பக்கத்து வீட்டு வங்காளிக்குக்கூடக் கேட்கும்.

"போன வாரம் பாத்துத்தானா அவளுக்கு இடுப்பு வலி எடுக்கணும்" என்றாள். தொழிலாளர் குடியிருப்பு லைனில் மூன்றாவது வீட்டுக்காரிக்குப் பிரசவம் என்று பாகீரதி போன ஞாயிறு நின்றுவிட்டாள். சுந்தரேசன் தனியாகப் போனான். தனியாக உட்கார்ந்து, மஹாதேவனின் வாயைப் பார்த்துக்கொண்டு, மற்றவர்கள் சிரித்தபோது சிரித்துவிட்டு வந்தான்.

காது ஒரே நாளில் போகவில்லை. இருபத்திரண்டு வருஷம் அவன் பாய்லருக்குள் உட்கார்ந்திருக்கிறான். தகடுகளை இணைக்கும் ரிவிட் ஆணியை அடிக்கும்போது வெளியே இரண்டு பேர் சம்மட்டி போடுவார்கள். உள்ளே ஒருவன் குந்திக்கொண்டு, பழுக்கக் காய்ந்த ரிவிட்டின் தலைக்கு எதிராக இரும்புக் கட்டையை நெஞ்சோடு அணைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். அந்த உள்ளே இருப்பவன் சுந்தரேசன். காதில் பஞ்சு வைப்பான். பஞ்சு வேர்வைக்கு ஆகும், சத்தத்துக்கு ஆகாது. முதலில் போனது குருவிச் சத்தம். பிறகு கொசு. பிறகு பாகீரதியின் வளையல். கப்பல் சங்கு கேட்கிறது, டிராம் வண்டியின் அடிவயிற்று உறுமல் கேட்கிறது. மெல்லியதாக, உயர்ந்து வரும் சத்தம் எதுவும் கேட்பதில்லை.

மஹாதேவனின் குரல் மெல்லியது. நாகப்பட்டினத்தில் மூவரும் ஒரே பெஞ்சில் படித்தபோதே பிரார்த்தனைப் பாட்டுக்கு அவனைத்தான் கூப்பிடுவார்கள். கதையில் பெண் பேசினால் குரலை இன்னும் தூக்கிக்கொள்வான். இந்தக் கதையில் பேசுவது பெரும்பாலும் ஒரு பெண்தான்.

ஒரு வருஷமாக சுந்தரேசனுக்குக் கதை வரும் வழி வேறு. மஹாதேவன் வீட்டுச் சமையலறை வாசற்படியில் பாகீரதி காய் நறுக்கிக்கொண்டு கேட்பாள். திங்கட்கிழமை அவன் வேலையிலிருந்து வந்து குளித்ததும், கதவைச் சாத்திக்கொண்டு காதில் கத்துவாள். சண்டை என்று அக்கம்பக்கத்தில் நினைத்தார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

எழுத்துக் கூட்டி வாசிக்க அவனுக்குத் தெரியும். ஆனால் ஒரு வரி முடிவதற்குள் அதன் ஆரம்பம் மறந்துவிடும். மூன்றாம் வகுப்போடு ரயில்வே பட்டறைக்கு ரிவிட் வாளி தூக்கப் போனவன் அவ்வளவுதான் வாசிப்பான்.

"பேசாம சொல்லிடுங்களேன்! காது கேக்கலைன்னு!"

அவன் ஏன் சொல்ல மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். பட்டறையில் லக்ஷ்மிநாராயணன் என்று ஒருவர் இருந்தார். காது போனதும் எல்லோரும் அவரிடம் கத்திப் பேசினார்கள். ஆறு மாதத்தில் கத்தி அலுத்துப் போய்க் கையைக் காட்டினார்கள். அப்புறம் கையும் காட்டவில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் கூப்பிட்டார்கள். யாரும் அவருக்குக் கெடுதல் செய்யவில்லை. அவர் இருப்பதை மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

வாரத்தில் ஆறு நாள் பாய்லருக்குள் இருக்கும் ஒருவனுக்கு இருப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதைப் பறிகொடுக்க சுந்தரேசன் தயாராக இல்லை.

நுல்லாக் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டிக் காளிகாட் சந்துக்குள் திரும்பியதும், மஹாதேவனும் சந்தானமும் பையோடு வாசலிலேயே நிற்பது தெரிந்தது.

"வரான் பாரு, ஜமீன்தார்" என்றான் சந்தானம். கிதர்பூர் கப்பல் துறையில் சரக்கு எண்ணும் குமாஸ்தா அவன். கப்பலின் அடித்தட்டிலிருந்து மேலே கேட்க வேண்டும் என்பதால் மூட்டைக் குறிகளைக் கூவிக் கூவி அவனுடைய குரல் பீப்பாய் உருளுவதுபோல் ஆகிவிட்டது. அந்தக் குரல் சுந்தரேசனுக்கு நன்றாகவே கேட்டது. "பொண்டாட்டிய நடக்க வச்சே கொண்ணுடுவே போலருக்கே. டிராம்ல ஏறினா கால் தேஞ்சுடுமா?"

"டிராம் சுத்திக்கிட்டு வரும்டா. நடந்தா ஒன்றரை மணி நேரம்."

"மாமி உள்ள இருக்கா, போம்மா பாகீரதி" என்றான் மஹாதேவன். கிளைவ் தெருவில் ஒரு சணல் கம்பெனியில் அவனுக்கு உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமையும் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போடுவான்.

மூவரும் சந்தைக்கு நடந்தார்கள்.

சந்தைக்குள் நுழைந்ததும் சுந்தரேசனுக்கு மூச்சு இலேசானது. சந்தையில் அவன் செவிடன் இல்லை. அங்கே யாருக்கும் யார் சொல்வதும் கேட்காது. கோயிலுக்கு வந்த கூட்டம், ஆட்டுக்குட்டிகள், செம்பருத்தி மாலைக்காரர்கள், மீன் வெட்டுகிறவர்கள். எல்லோரும் கத்தினார்கள். எல்லோரும் விரலைக் காட்டினார்கள். முருங்கைக்காய் விற்ற கிழவியின் முன்னால் அவன் குந்தினான்.

"கொதோ, மாஷி?" என்று விலை கேட்டான்.

அவள் விரலைக் காட்டினாள். அவன் ஒரு விரலை மடக்கிக் காட்டினான். அவள் தலையில் அடித்துக்கொண்டு, காளி கோயில் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னாள். அவன் தன் பங்குக்கு வயிற்றைக் காட்டினான். கிழவி சிரித்துவிட்டு இரண்டு கட்டாக அள்ளிக் கொடுத்தாள்.

"இவனுக்குப் பெங்காலி பத்து வார்த்தை தெரியாது. எனக்குக் கொடுக்காத வெலைக்கு இவனுக்குக் குடுக்கறா" என்று மஹாதேவன் சந்தானத்திடம் குறைப்பட்டுக்கொண்டான்.

"நீ இலக்கணமாப் பேசறே. அவளுக்குப் பயமா இருக்கும்."

சித்திரை பிறக்கப் போகிற சமயம். முருங்கைக்காயும் மாவடுவும் குவிந்து கிடந்தன. வாழைப்பூ ஒன்று வாங்கினார்கள். குட்டிப் புடலைபோல் இருக்கும் பட்டோல் வேண்டாம் என்று மஹாதேவன் சொன்னான். சந்தானம் வீம்புக்கு அரை சேர் வாங்கினான். சந்தேஷ் விற்கும் மிட்டாய்க் கடையில் நின்று ஆளுக்கு ஒன்று தின்றார்கள். மீனாக்ஷிக்கு எட்டு வாங்கி இலையில் கட்டிக்கொண்டார்கள். வழியிலேயே சந்தானம் கட்டைப் பிரித்து அதை ஏழாக்கினான்.

மீனாக்ஷி ஒரு இரும்பு வாணலி சொல்லியிருந்தாள். இரும்புக் கடையில் சுந்தரேசன் சொன்னதுதான் சட்டம். அவன் வாணலியைத் தூக்கி வெயிலில் பார்த்தான். காதுப் பிடியில் அடித்திருந்த ரிவிட்டின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, மறுபக்கம் விரல் முட்டியால் தட்டினான். முன்பெல்லாம் காதருகே பிடித்துத் தட்டுவான். நல்ல ரிவிட் கணீர் என்னும், இளகின ரிவிட் செத்த சத்தம் போடும். இப்போது விரல்தான் கேட்கிறது. இளகியிருந்தால் விரலின் கீழே ஒரு சின்னத் துடிப்பு வரும்.

"இது ஆவாது." அடுத்ததைத் தட்டினான். "இதுவும் ஆவாது." மூன்றாவதைத் தட்டிவிட்டு மஹாதேவன் கையில் கொடுத்தான். "இது ஒன் பேரன் காலத்துக்கும் நிக்கும்."

அவன் தள்ளிவிட்ட இரண்டு வாணலிகளையும் கடைக்காரன் மனவருத்தத்தோடு பார்த்தான்.

திரும்பும் வழியில் மஹாதேவன் வெற்றிலைக் கடையில் நின்றபோது, சுந்தரேசன் சந்தானத்தின் பக்கம் ஒட்டினான்.

"போன வாரம் கதை எப்படிடா?"

"எப்படின்னா? நீதானே இன்னிக்குச் சொல்லணும்."

"இல்ல, ஒனக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன்."

"அந்தப் பரிசல்காரப் பய என் கையில கெடைச்சான்னா ஹூக்ளியில தூக்கிப் போட்டுருவேன். அந்தப் பொண்ணு எம்புட்டு நம்பி ஏறுச்சு!"

சுந்தரேசன் அதைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டான். பரிசல். பரிசல்காரன் கெட்டவன். போன வாரம் வாசிப்பின் நடுவில் சந்தானம் தொடையில் அடித்து, "அடப்பாவி, தண்ணி உள்ள வருதே!" என்று கத்தியதும் அவனுக்குக் கேட்டிருந்தது. ஆக, தண்ணீர் உள்ளே வந்தது. அதற்கு முந்தைய வாரம் பாகீரதி சொன்ன வரைக்கும் கதை தெரியும். ஜகதாம்பாளின் அண்ணன் மேல் ஜமீன் வீட்டு முத்துமாலையைத் திருடியதாகப் பொய்க் கேஸ். அவன் குற்றவாளி இல்லை என்று காட்டும் கடிதம் ஜகதாம்பாள் கையில் கிடைத்துவிட்டது. அவள் கொள்ளிடம் தாண்டித் தஞ்சாவூர்க் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

இது போதும் என்று நினைத்தான். ஒரு தகட்டின் ஓரத்தைப் பார்த்தால் முழுத் தகடும் எப்படி இருக்கும் என்று சொல்லுகிறவன் அவன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பாகீரதியைப் பார்த்தான். சமையலறை வாசற்படியில் அரிவாள்மணையை முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் படிக்கு உள்ளே அவள் போனதில்லை, மீனாக்ஷி கூப்பிட்டதுமில்லை. அந்தப் பழக்கத்தைப் பற்றி இருவரும் பேசியதில்லை. படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து இருவரும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். பாகீரதியின் முகத்தைப் பார்த்ததும், கதை முழுவதும் அவள் வாய்க்குள் இருப்பது தெரிந்தது. அவள் கண்ணை விரித்தாள். உதட்டை அசைத்தாள். ஒன்றும் விளங்கவில்லை.

காப்பி வந்தது. மதராஸிலிருந்து வந்த கொட்டையை மீனாக்ஷி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான் வறுப்பாள். குடித்துவிட்டு மூவரும் கூடத்துப் பாயில் உட்கார்ந்தார்கள். மஹாதேவன் பெட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மாதம் ஒரு பாகமாகத் தபாலில் வரும் கதை அது. மஞ்சள் காகித அட்டை. மேலே பழைய துணி சுற்றி வைத்திருந்தான்.

"ம். சொல்லு" என்று தலையை ஆட்டினான்.

சுந்தரேசன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"ஜகதாம்பா கடுதாசிய மடியில கட்டிக்கிட்டு ஆத்தங்கரைக்கு வந்தாளா. ஆத்துல வெள்ளம். அக்கரை தெரியல. பரிசல் ஒண்ணே ஒண்ணுதான் நிக்குது. பரிசல்காரன், ஏறும்மா நான் இருக்கேன்னான். அவன் ஜமீந்தாரோட ஆளு. அது அவளுக்குத் தெரியாது."

சந்தானம் தலையை ஆட்டினான். மஹாதேவனும் ஆட்டினான். சுந்தரேசனுக்குத் தைரியம் வந்தது.

"நடு ஆத்துல காலு நனைஞ்சுது. பாத்தா தண்ணி உள்ள வருது. எங்கேருந்து வருதுன்னு தெரியல. அவ அழுவல. அழுது என்ன ஆவப்போவுது? குனிஞ்சு அடியில தடவிப் பாத்தா."

இங்கே அவன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் இரண்டு பேரும் முன்னால் சாய்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி யாரும் அவனைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"ராத்திரியே அந்தப் பய வந்து வேலைய முடிச்சுட்டுப் போயிருக்கான். அடித்தகட்டுல நாலு ரிவிட்ட உளி வச்சு இளக்கி விட்டுருக்கான். முழுசா எடுக்கல. எடுத்தா கரையிலயே தெரிஞ்சுடும். இளக்கி விட்டா, தண்ணி அழுத்த அழுத்த, ஆடி ஆடித்தான் வழிவிடும். அந்தப் பொண்ணு என்ன பண்ணா, ரிவிட்டு தலையில வெரல வச்சுக்கிட்டு இன்னொரு கையால தட்டினா. நல்ல ரிவிட்டு கம்முனு இருக்கும். இளகினது வெரலுக்கு அடியில துடிக்கும். நாலையும் கண்டுபுடிச்சா. முந்தானையைக் கிழிச்சுத் திரிச்சு, நாலு தலையையும் சுத்தி அடைச்சா. தண்ணி நின்னுபோச்சு. அப்புறம் நிமிந்து அந்தப் பயல ஒரு பார்வை பாத்தா பாரு…"

சந்தானத்தின் தோள்கள் குலுங்கின. பிறகு அவன் வெடித்தான். பாயில் உருண்டு சிரித்தான்.

"பரிசலுக்கு ஏதுடா ரிவிட்டு! மூங்கிக் கூடைடா அது! மாட்டுத்தோலு! ஒன் பட்டறையில அடிச்ச பரிசலா?"

சுந்தரேசன் பரிசலைக் கண்ணால் கண்டதில்லை. நாகப்பட்டினத்தில் தோணி உண்டு, வள்ளம் உண்டு. பரிசலும் அந்த வகையில் ஒன்று என்று வைத்துக்கொண்டிருந்தான். அவன் மஹாதேவனைப் பார்த்தான். மஹாதேவன் சிரிக்கவில்லை. முகம் சிவந்திருந்தது. உதடுகள் வேகமாக அசைந்தன.

"கால் மணி நேரம்டா! பரிசல் எப்படிக் கட்டுவான்னு கால் மணி நேரம் வாசிச்சேன். மூங்கில் பிளாச்சு, தோல், தைக்கற நரம்பு, எல்லாம். தூங்கினியா? இல்லே என்னைக் கேலி பண்றதுக்குன்னு வந்தியா? ஆபீஸ்ல ஆறு நாள் ஒருத்தன் என் பேச்சைக் கேக்கறதில்லே. இங்கே வந்து தொண்டை வறள வாசிக்கறேன், ரெண்டே பேருக்கு, அதுல ஒருத்தன்…"

சுந்தரேசன் அந்த வாயையே பார்த்தான். கோபம் தெரிந்தது. வார்த்தை ஒன்றும் வரவில்லை. வழக்கம்போலத் தலையை ஆட்டலாமா என்று யோசித்தான். ஆட்டவில்லை.

அரிவாள்மணை தரையில் நகர்ந்தது. பாகீரதி எழுந்து நின்றாள்.

"அவரு தூங்கலண்ணா. அவருக்குக் கேக்கல."

மஹாதேவன் திரும்பினான். "என்ன கேக்கலே?"

"காது. ஒரு வருஷமாக் கேக்கல. நான்தான் வீட்டுல போய்ச் சொல்லுவேன். போன வாரம் நான் வரல்ல. அதான்."

சந்தானத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. சுந்தரேசனுக்கு அவள் சொன்னது கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் தன்னைத் திரும்பிப் பார்த்த விதத்தில் அவள் சொல்லிவிட்டாள் என்பது தெரிந்தது. லக்ஷ்மிநாராயணனைப் பார்க்கும் அதே பார்வை வருகிறதா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"நான் பேசறது கேக்குதாடா?" என்றான் சந்தானம். குரலை ஏற்றவில்லை.

"கேக்குது."

"பொய் சொல்றான். கேக்குதுங்கறானே!" என்றான் மஹாதேவன், பாகீரதியிடம்.

"ஒன் கொரலு கேக்குதுடா சந்தானம்" என்றான் சுந்தரேசன். "அவனோடதுதான் கேக்கல. கப்பல் சங்கு கேக்குது. டிராம் கேக்குது. ஒன் கொரலு அந்த ஜாதி. மஹாதேவன் கொரலு குருவி ஜாதி. பாய்லருக்குள்ள மொதல்ல போறது அதுதான்."

மஹாதேவன் எழுந்து அவன் எதிரில் குந்தினான். "சுந்தரேசா! நான் சொல்றது கேக்கறதா?" என்று கத்தினான். கத்தியபோது குரல் இன்னும் மேலே போயிற்று. கழுத்து நரம்பு புடைத்தது. சுந்தரேசன் தலையை இல்லை என்று அசைத்தான். மஹாதேவன் இன்னொரு முறை கத்தினான். ஜன்னலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "கீ ஹோலோ, தாதா?" என்று என்ன நடந்ததென விசாரித்தார். மீனாக்ஷி போய் ஒன்றுமில்லை என்று கையசைத்தாள்.

மஹாதேவன் புத்தகத்தைப் பாயில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான். குழாயடியில் முகம் கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான்.

"கோவமா?" என்று சுந்தரேசன் சந்தானத்திடம் கேட்டான்.

"பின்ன? ஒரு வருஷமா அவன் பொண்ணு மாதிரி பேசிப் பேசிக் காட்டினது அத்தனையும் எனக்கு ஒருத்தனுக்குத்தான்னு ஆயிருச்சே. நானும் பாதி நேரம் பட்டாணி தின்னுக்கிட்டு இருந்தேன்."

"நான் வேணும்னா இனிமே வரல்ல. நீங்க ரெண்டு பேரும் வாசிங்க."

"ஒதை விழும்" என்றான் சந்தானம்.

மஹாதேவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். யாரையும் பார்க்காமல் சமையலறைப் பக்கம் பார்த்துக் கேட்டான். "நீயாவது கேட்டிருக்கியா? அங்கே வரைக்கும் கேக்கறதோ?"

"அப்பளம் பொரிக்கறச்சே கேக்காது" என்றாள் மீனாக்ஷி உள்ளிருந்து. "மத்தபடி கேக்கும். நன்னாத்தான் இருக்கும்."

அவன் பாயில் உட்கார்ந்தான். புத்தகத்தை எடுத்தான். துணியை நீவிவிட்டான். பக்க அடையாளத்துக்கு வைத்திருந்த தென்னங்குச்சியை எடுத்து மறுபடியும் அங்கேயே வைத்தான். பிறகு புத்தகத்தைச் சந்தானத்தின் மடியில் போட்டான்.

"வாசி."

"நானா? எனக்கு வராதுடா. மூட்டை எண்ணற மாதிரி இருக்கும்."

"மூட்டை எண்ணற மாதிரியே வாசி. எனக்கென்ன."

சந்தானம் புத்தகத்தைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்தான். சரக்குப் பட்டியல் பிடிக்கும் விதம் அது. "பதினேழாவது அத்தியாயம்" என்று கூவினான். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. "ஜகதாம்பாள். ஈரப் புடைவையுடன். கரையேறினாள். கடிதம். அவள் கூந்தலுக்குள். பத்திரமாக. இருந்தது."

"கடுதாசி கூந்தலுக்குள்ளயா வச்சா?" என்றான் சுந்தரேசன்.

"கேட்டுதா?"

"கேட்டுது. நான் மடியிலன்னுல்ல சொன்னேன்."

"மடியில வச்சா நனைஞ்சுடாதா, மடையா. மேல கேளு. ஐயோ. அண்ணா. உனக்காக. இந்த உயிர். போனாலும்…"

"அது பொண்ணுடா!" என்றான் மஹாதேவன் பொறுக்க முடியாமல். "சணல் மூட்டை இல்லே. அழுதுண்டு சொல்றா. ஒவ்வொரு வார்த்தைக்கும் முத்திரை குத்தாதே."

"அப்ப நீயே வாசி."

"இல்லே, வாசி, வாசி. கொஞ்சம் சேத்து வாசி."

சந்தானம் சேர்த்து வாசித்தான். தடுக்கினான். ஒரு வரியை இரண்டு தடவை வாசித்துவிட்டு அடுத்த வரியை விட்டான். மஹாதேவன் அந்த வரியை மனப்பாடமாக எடுத்துக் கொடுத்தான். அவன் புதன்கிழமையே முழுவதையும் ஒரு தடவை படித்துவிடுவான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எடுத்துக் கொடுக்கும்போது அவனுடைய கை தானாக எழுந்து நெஞ்சுக்குப் போயிற்று. ஜகதாம்பாள் கோர்ட்டுக் கூண்டில் ஏறியபோது அவன் சுந்தரேசனுக்கு எதிரே நகர்ந்து, கண்ணைத் துடைத்துக் கையைக் கூப்பி, வக்கீல் பக்கம் விரலை நீட்டினான். வாய் திறக்கவில்லை. மேலே சந்தானத்தின் குரல் சுமை வண்டிபோல் கடகடவென்று போய்க்கொண்டிருந்தது.

சுந்தரேசன் முதுகைச் சுவரில் சாய்த்தான். ஒரு வருஷமாக அவன் இந்தப் பாயில் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. வாயைப் பார்க்க முன்னால் குனிந்தே உட்கார்ந்திருந்தான். கழுத்து வலித்தது இப்போதுதான் தெரிந்தது.

அத்தியாயம் முடிய வெகுநேரம் ஆனது. மஹாதேவன் வாசித்திருந்தால் பாதி நேரத்தில் முடிந்திருக்கும். கூடத்தில் இலை போட்டு மீனாக்ஷி முருங்கைக்காய்ச் சாம்பாரும் வாழைப்பூக் கறியும் பரிமாறினாள். புது வாணலியில் பட்டோலை வதக்கியிருந்தாள். அதில் இரும்பு வாசனை அடிப்பதாகச் சொன்ன மஹாதேவன் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"அடுத்த வாரம் கதை சொல்ற மொறை யாருது?" என்று கேட்டான் சந்தானம், கையை நக்கிக்கொண்டே. "நான் இனிமே சொல்ல மாட்டேன். வாசிக்கறவனுக்கு மொறை கெடையாது."

சுந்தரேசன் சாப்பிடுவதை நிறுத்தி மஹாதேவனைப் பார்த்தான். மஹாதேவன் மோரைக் குடித்துவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். பிறகு சம்மட்டி அடிப்பதுபோல் காட்டி, கூடாது என்று விரலை ஆட்டினான். ஏதோ சொன்னான்.

"என்னங்கறான்?"

"அவன் சொல்றப்போ ரிவிட்டு ஒண்ணும் வராதாம்" என்றான் சந்தானம்.

வெயில் சாயும்போது கிளம்பினார்கள். பையில் மாவடுவும், மீனாக்ஷி கட்டிக் கொடுத்த புளிக்காய்ச்சலும் இருந்தன. அலிப்பூர் ரோட்டுக்கு வந்ததும், வழக்கப்படி பாகீரதி அவனுடைய வலது பக்கம் வந்து கையைக் குவித்தாள்.

"இன்னிக்கு என்ன ஆச்சுன்னா, அந்த ஜட்ஜு…"

"கேட்டுட்டேன்" என்றான் சுந்தரேசன்.

அவளுடைய கை காதருகிலேயே நின்றது. பிறகு கீழே இறங்கியது. ஒரு சாரட்டு வண்டி தாண்டிப் போனது. குளம்புச் சத்தம் அவனுக்குக் கேட்டது, மணிச் சத்தம் கேட்கவில்லை.

பாகீரதி மறுபடியும் கிட்டே வந்தாள். "அப்ப திங்கக்கெழம சாயங்காலம் நான் என்னத்தச் சொல்றது?"

அவன் யோசித்தான். ஒரு வருஷமாக அந்த ஒரு மணி நேரம் அவள் மூச்சு அவன் காதிலேயே இருந்தது. அது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

"மூணாவது வீட்டுல என்ன கொழந்தைன்னு நீ இன்னும் சொல்லல்ல" என்றான்.

"பொண்ணு!" என்று கத்தினாள். "ஆனா அந்தக் கதைய இங்க ரோட்டுல சொல்ல முடியாது. நாளைக்குக் கதவச் சாத்திக்கிட்டுச் சொல்றேன்."